ருக்மணி முறை

ஓசூர்
14-7-68

அன்புள்ள ருக்மணிக்கு,

ஊர் அடங்கி வெகு நேரம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள். அருள் இப்போதுதான் கண்ணை மூடினான். அவன் தூங்கினால்தான் எனக்குக் கை சும்மா இருக்கும். எழுத்து கோணிக்கொண்டு போனால் அவன் தலை என் மடியில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்.

கிருஷ்ணகிரியில் தங்குமிடம் எப்படி? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? மத்தூரிலிருந்து உன் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார்களா?

இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். பயிற்சி எப்படி நடக்கிறது, அதை எழுது. வேலைக்குப் புதிதாக வருகிற ஆசிரியர்களுக்குப் பக்கத்தில் நின்று பழக்கிவிட, தாலுகாவுக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் என்று உத்தரவு வந்த அன்று, நம் தலைமையாசிரியை பவுலினாம்மாள் முதலில் எழுதியது என் பெயரைத்தான். அப்போது அருளுக்கு வயிற்றுப்போக்கு விட்டபாடில்லை. கழுத்து நிற்கவில்லை, எடை ஏறவில்லை. "என்னால் போக இயலாது, ருக்மணியை அனுப்புங்கள்" என்று நானே எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இவர் சனிக்கிழமை பெங்களூர் ஃபாக்டரியிலிருந்து வந்ததும் வராததுமாக, "நீதானே வேணாம்னு எழுதிக் குடுத்தே, இப்ப எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" என்கிறார். நான் எங்கே தூக்கி வைத்தேன்? தூக்கம் இல்லாத முகம் அப்படித்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு சரோஜம்மாளை உனக்குத் தெரியும். என் கையில் வீறிடுகிற அருள், அவள் இடுப்பில் ஏறினால் சிரிக்கிறான். அவன் எத்தனை தரம் பால் குடித்தான், எத்தனை தரம் கக்கினான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தால், "ஏனம்மா டீச்சர், கொழந்தைக்கும் பாடக் குறிப்பு எழுதறியா? சும்மா தூக்கி வெச்சுக்கோம்மா" என்கிறாள். அவள் பெற்றது நாலு. பேசலாம்.

என்னென்ன சொல்லித் தருகிறார்கள், யார் வந்திருக்கிறார்கள், நீ என்ன பேசினாய், எல்லாம் வேண்டும். ஒன்றையும் விடாதே.

அன்புடன்,
ஜெபசீலி


கிருஷ்ணகிரி
20-7-68

அன்புள்ள ஜெபா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பிலேயே மேஜைக்கு அடியில் பிரித்துப் படித்தேன். பையன்கள் இப்படிச் செய்தால் சும்மா விடுவோமா!

அருளுக்கு இப்போது எப்படி இருக்கிறது? கேழ்வரகை ஊறவைத்துப் பால் எடுத்துக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார்கள் என் அம்மா.

இங்கே பெரிய கூடம் நிறைய ஆண்கள். பெண்கள் நாங்கள் மூன்று பேர், ஒரு மூலையில். நடத்துகிறவர் பிரகாசம் சார். அதிர்ந்து பேசமாட்டார். முந்தாநாள் எல்லாரையும் பார்த்து, "புது வாத்தியார் பாடம் எடுக்கறார். நீங்க வழிகாட்டி. எங்க உக்காருவீங்க, எதைப் பாப்பீங்க?" என்று கேட்டார். நாற்காலியில் உட்காருவோம் என்றார்கள். கரும்பலகை எழுத்தைப் பார்ப்போம், குரலைப் பார்ப்போம், பாடக் குறிப்பைத் திருத்துவோம் என்றார்கள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்துவிட்டேன். கடைசி வரிசையில், பலகையில், ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றேன். மணி அடிக்கிறவரை அந்த ஒரு பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும், வாத்தியாரைப் பார்க்கவே கூடாது. பாடம் முடிந்ததும் வராந்தாவில் நின்று அந்தப் பிள்ளை என்னென்ன செய்தது என்பதை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டும், நல்லது கெட்டது சொல்லக் கூடாது, மீதியை அவரே யோசித்துக்கொள்வார் என்றேன். நீங்கள் எனக்குச் செய்தது அப்படியே.

தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர், "அப்ப வாத்தியார் வேட்டி அவுந்து விழுந்தாலும் பாக்க மாட்டீங்களா டீச்சர்?" என்றதும் கூடமே சிரித்தது. பிரகாசம் சார் சிரிக்கவில்லை. திரும்பிப் போய்க் கரும்பலகையில் எழுதினார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்டு நடுவில் ஆளுக்கு ஒரு பள்ளிக்கு அனுப்பி, ஒரு புது ஆசிரியரை ஒப்படைப்பார்களாம். செப்டம்பர் முடிவில் மாவட்டக் கல்வி அதிகாரி வந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஓசூர் தாலுகாவுக்கு யார் என்று உத்தரவு.

உங்கள் தங்கை,
ருக்மணி


ஓசூர்
11-8-68

ருக்மணிக்கு,

நேற்று பவுலினாம்மாள் அருளைப் பார்க்க வந்தார்கள். உட்காருவதற்குள், "நம்ம ருக்மணி பேர்லயே ஒரு முறையாம்டி ஜெபா! போர்டுல 'ருக்மணி முறை'ன்னு எழுதினாராம் அந்த சார். ஜில்லா முழுக்க அச்சடிச்சு அனுப்பப் போறாங்களாம். நம்ம ஸ்கூலுக்கு எவ்வளவு பெருமை!" என்றார்கள்.

ஆமாம், பெருமைதான் என்றேன். குழந்தையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அடுக்களையில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

பிறகு உன் கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "கரும்பலகையில் எழுதினார்" என்று இருக்கிறது. என்ன எழுதினார் என்று இல்லை. எல்லாம் எழுதச் சொன்னேனே, ருக்மணி. மூலையில் எத்தனை பெண்கள் என்பதுகூட இருக்கிறது. அது மட்டும் இல்லை.

நான் ஏன் அந்தப் பலகையில் போய் உட்கார்ந்தேன் என்று உனக்குத் தெரியுமா? நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஆய்வாளர் என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டே என் முகத்தையே பார்த்தார். கூட்டல் கணக்கை அன்று நான் தப்பாகப் போட்டேன். மூன்றாம் வகுப்புக் கூட்டலை, பி.ஏ. படித்துவிட்டு! பிள்ளைகள் திருத்தினார்கள். யாருடைய வகுப்பிலும் அந்த நாற்காலியில் உட்காருவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். வேறு இடம் எது என்று பார்த்தேன். பிள்ளைகள் பக்கத்தில்தான் இடம் இருந்தது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எந்தக் கூடத்திலும் கற்றதில்லை.

பவுலினாம்மாள் இன்னொரு செய்தியும் சொன்னார்கள். ஓசூருக்கு இரண்டு பெயர் போயிருக்கிறதாம். முதலில் நீ. உனக்குச் சரிவராவிட்டால் நான். அடுத்த மாதக் கடைசியில் வேலைக்குத் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். சரோஜம்மாள் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். அவன் என்னைத் தேடவும் மாட்டான்.

அந்த வேலை எனக்கு வேண்டும். இவ்வளவு எழுதிய பிறகு அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஜெபசீலி


சாமல்பட்டி
2-9-68

அன்புள்ள ஜெபா அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலையைக் காரணம் சொல்லலாம். அது நிஜமில்லை. மூன்று தரம் தொடங்கி விட்டுவிட்டேன்.

அவர் என் பெயரை எழுதியபோது எழுந்து, "சார், இது எங்க ஜெபசீலி டீச்சரோடது" என்று சொல்லியிருக்க வேண்டும். ஏற்கனவே சிரித்தவர்கள் இன்னொரு தரம் சிரிப்பார்கள் என்று பயம். பயம் மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. என் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் நான் எங்கும் பார்த்ததில்லை, அக்கா. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. நீங்கள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இப்போது ஒரு உதவி செய்ய வேண்டும்.

இங்கே என்னிடம் ஒப்படைத்திருப்பது முனிராஜ் என்கிற புது ஆசிரியரை. ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன், பயிற்சி முடித்து ஜூனில்தான் சேர்ந்தார். கெட்டவர் இல்லை. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, நான் உள்ளே வந்தாலே வியர்த்துப் போகிறார். பள்ளிக்கூடம் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. முதல் நாள் கணக்குப் பாடம். நான் கடைசி வரிசையில் சென்னகிருஷ்ணன் என்ற பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்ஸ் வண்டி ஒன்று போயிற்று. அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். வண்டி போன பிறகும் வெகு நேரம் சிலேட்டைத் தொடவில்லை. பாடம் முடிந்ததும் அதை அப்படியே முனிராஜிடம் சொன்னேன். நல்லது கெட்டது சொல்லவில்லை.

மறுநாள் அந்தப் பையனின் உள்ளங்கை வீங்கியிருந்தது. முனிராஜ் வராந்தாவுக்கு ஓடி வந்து, "நேத்து சொன்னீங்களே டீச்சர், அவனச் சரி பண்ணிட்டேன். இனிமே ஜன்னல் பக்கம் திரும்பட்டும் பாக்கலாம்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அடிக்கக் கூடாது என்று சொன்னேன். "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்றார். அடுத்து ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்ன செய்தாள் என்று சொன்னேன். அவளை மணி அடிக்கும்வரை முட்டி போட வைத்திருக்கிறார். "அடிக்கலையே டீச்சர்!" என்கிறார்.

இப்போது நான் கடைசி வரிசைக்குப் போனால் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அந்தப் பிள்ளை அழ ஆரம்பிக்கிறது.

நீங்கள் என்னிடம் இதே மாதிரிதானே சொன்னீர்கள்? நான் யார் மேலும் கை வைக்கவில்லையே? நீங்கள் என்ன செய்தீர்கள், நான் எதை விட்டேன்? இருபத்தாறாம் தேதி அதிகாரி வருகிறார்.

ருக்மணி


ஓசூர்
8-9-68

மதிப்பிற்குரிய ருக்மணி டீச்சர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் பெயரில் வழங்கும் முறையில் தங்களுக்கே சந்தேகம் வந்திருப்பது வியப்பாக இருக்கிறது. என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? நான் கேழ்வரகு ஊறவைத்துப் பால் எடுக்கிறவள்.

நீங்கள் விட்டது ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரிக் கூடத்தில் நீங்கள் சொன்னதாக எழுதினீர்களே, அதைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள் என்று. மீதியை நான் சொல்வதாக இல்லை. பிரகாசம் சாரைக் கேளுங்கள். கரும்பலகையில் எழுதித் தருவார்.

குழந்தை நலம்.

ஜெபசீலி


சாமல்பட்டி
15-9-68

அக்காவுக்கு,

என்னைத் திட்டியிருக்கலாம். 'நீங்கள்' என்று எழுதிவிட்டீர்கள். நம் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே என்னை வாடி போடி என்று கூப்பிட்டவர் நீங்கள். அந்தக் கடிதத்தில் என் பெயருக்குப் பின்னால் 'டீச்சர் அவர்களுக்கு' என்று பார்த்ததும் வேறு யாருக்கோ வந்ததோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

சென்னகிருஷ்ணன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா ரயில் பாதையில் வேலை செய்கிறவர், வீட்டில் இல்லை. அவன் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "நீ வந்து பக்கத்துல குந்தினா புள்ளைக்கு அடி உழுவுது. நீ வராம இரு தாயீ, அதுவே போதும்" என்றாள். அவன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். நான் பார்த்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். அதைப் பார்த்த பிறகு எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பிரகாசம் சாருக்கு எழுதப்போகிறேன். இந்த முறை ஜெபசீலி டீச்சருடையது, எனக்கு அது வரவில்லை, என் பெயரை எடுத்துவிட்டு அவர்களுக்கே அந்த வேலையைக் கொடுங்கள் என்று. நீங்கள் இதற்கு ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். கோபத்தில் எழுதவில்லை, அக்கா. உங்களுக்குத்தான் அது பொருந்தும். ஆனால் அந்த மீதி என்ன என்று தெரியாமல் போனால், நான் இனி எந்த வகுப்பின் கடைசி வரிசைக்கும் போகமாட்டேன்.

சனிக்கிழமை வரை தபாலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு எழுதிவிடுவேன்.

ருக்மணி


ஓசூர்
18-9-68

அடி ருக்மணி,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. படித்து மடித்து டிரங்குப் பெட்டி மேல் வைத்தேன். சும்மா இருந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். அதைவிட லேசான வேலை உண்டா? துணி துவைத்தேன். அருளுக்குத் தலைக்கு ஊற்றினேன். சனிக்கிழமை வந்துவிடும், போய்விடும், திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்புவேன், பவுலினாம்மாள் என்னைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். அவர்கள் என்ன புடவையில் இருப்பார்கள் என்பதுவரை பார்த்துவிட்டேன்.

ஆனால் உன் முந்தின கடிதத்தில் ஒரு வரி இருந்ததே, யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அந்தப் பிள்ளை அழ ஆரம்பிக்கிறது என்று. அதை அப்போது நான் சரியாகப் படிக்கவில்லை. உன் தோல்வி என்று மட்டும் படித்தேன், உள்ளூர இனித்தது. இன்றைக்குப் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த வரிதான். அது என் இடம், ருக்மணி. நான் போய் உட்கார்ந்தால் பிள்ளைகள் ஒடுங்கிக்கொண்டு எனக்கு இடம் விடும். பலப்பம் கடன் கேட்கும். பின்னலைத் தொட்டுப் பார்க்கும். ஒருத்தி என் வளையலை எண்ணுவாள். அந்த இடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படும்படி ஆகிவிட்டது என்றால், உன் பெயரால் ஆனாலும் என் பெயரால் ஆனாலும் என்னால் பொறுக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே.

நீ நம் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? உனக்கு வகுப்பே கொடுக்காமல் என் வகுப்பின் கடைசியில் உட்காரவைத்தேன். வேலை இல்லாததால் உட்காரவைத்தேன் என்றுதான் நீ எண்ணியிருப்பாய். "ஒரே ஒரு பிள்ளையைப் பாத்துக்கிட்டிரு, என்னைப் பாக்காதே. அப்புறம் வந்து சொல்லு" என்றேன். நீ வெங்கடம்மாவைப் பார்த்தாய். வராந்தாவில் வந்து, கையைப் பிசைந்துகொண்டு, "அக்கா, அவ மணி அடிக்கிறவரைக்கும் வாயையே தெறக்கல. நீங்களும் அவ பக்கம் ஒரு தடவகூடத் திரும்பல" என்றாய்.

என் முகம் எப்படிப் போயிற்று என்று நீ பார்த்தாய். மறைக்க எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் பாடம் எடுத்தவளை நேற்று வந்த பெண் சொல்லிவிட்டாளே என்று வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் வெங்கடம்மாவை முன்னால் கூப்பிட்டு, அவள் வீட்டில் பேசும் தெலுங்கில் அவர்கள் ஆட்டைப் பற்றிக் கேட்டேன். பேசினாள். அதையும் நீ உட்கார்ந்து பார்த்தாய். நான் உன்மேல் எரிந்து விழவில்லை, அவளைப் பிரம்பால் தொடவில்லை. அதற்குப் பிறகுதான், அடுத்த வாரம்தான், நான் உன் வகுப்பில் வந்து உட்கார்ந்தேன்.

கிருஷ்ணகிரியில் நீ அடுத்த வாரத்திலிருந்து சொல்லியிருக்கிறாய். முதல் வாரத்தை விட்டுவிட்டாய். முனிராஜ் பாவம் என்ன செய்வார்? ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னால் அது தன்மேல் எழுதப்படுகிற புகார் என்று அவருக்குப் பயம். பயந்தவன் பிரம்பை எடுப்பான். வேறு என்ன செய்வது என்று அவர் யார் முகத்திலும் பார்த்ததில்லையே.

அதனால் இதைச் செய். இது கிடைத்த மறுநாளே முனிராஜ் வகுப்பை நீ எடு. அவரைக் கடைசியில் உட்காரவை. எந்தப் பிள்ளை என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். அவர் வந்து சொல்லும்போது உன் முகம் சுருங்கும். சுருங்கட்டும், சிரித்து மழுப்பாதே. மறுநாள் அந்தப் பிள்ளைக்கு நீ செய்வதையும் உட்கார்ந்து பார்க்கட்டும். அதிகாரி வருகிற நாளிலும் முதல் பாடம் நீதான் எடுக்க வேண்டும், முனிராஜ்தான் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், அந்த அதிகாரி முன்னாலேயே. தைரியம் இருந்தால் செய்.

அதற்கு முன்னால் சென்னகிருஷ்ணன் வீட்டுக்கு முனிராஜையும் கூட்டிக்கொண்டு போ. அடித்தது அவர் என்றாலும் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நீ. அவனைப் பற்றிச் சொன்னது நீ. இன்னொன்று, வண்டி போகும்போது உதட்டை அசைத்தான் என்றாயே, கணக்குப் பாடத்தில்தானே? எத்தனை பெட்டி என்று அவனைக் கேட்டீர்களா, யாராவது? நான் அந்தப் பலகையில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

பிரகாசம் சாருக்கு எழுது. உன் பெயரை எடுத்துவிடச் சொல்ல வேண்டாம். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று மட்டும் எழுது. என் பெயரை முழுதாக எழுது, பட்டத்தோடு. அந்த வேலை உனக்கே வரட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. நீ நன்றாகச் செய்துவிட்டால் எனக்கு வயிறு எரியும், உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் கெட்டுப் போனால் அதைவிட எரியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அருள் விழித்துவிட்டான். தொட்டிலில் கிடந்தபடியே, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அழவில்லை. பார்க்கட்டும்.

சென்னகிருஷ்ணன் பள்ளிக்கு வந்தானா, இல்லையா? எனக்கு அது தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

உன்,
ஜெபா அக்கா